மங்கிய ஃபாக் லைட்: கழுவுவதா, பூச்சு அடிப்பதா, மாற்றுவதா?

பனிமூட்டத்தில் சாலையைக் காட்டும் ஃபாக் லைட் முன்புபோல எரியவில்லை என்று குனிந்து பார்த்தால், முதலில் கண்ணில் படுவது உள்ளே மங்கிப்போன ரிஃப்ளெக்டர்தான், அதாவது பல்பின் ஒளியை முன்னால் திருப்பிவிடும் கிண்ணம். அதைப் பளபளப்பாக்கிவிட்டால் வெளிச்சம் திரும்பிவிடும் என்று நினைப்பது இயல்பு. அலுமினியத் தாள், குரோம் ஸ்பிரே, கண்ணாடி ஸ்டிக்கர், மெட்டல் பாலிஷ், வெள்ளிப்பூச்சு என்று வீட்டிலேயே செய்துகொள்ளலாம் எனச் சொல்லப்படும் வழிகளும் ஏராளம். இவற்றில் எது பலன் தரும், எது இருக்கிற விளக்கையும் கெடுத்துவிடும், எப்போது பேசாமல் புது விளக்கு வாங்கிவிடலாம் என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலோகப் பூச்சு அப்படியே இருந்து மேலே அழுக்கு மட்டும் படிந்திருந்தால் கழுவுங்கள். பூச்சே போயிருந்தால் விளக்கை மாற்றுங்கள். மாற்று விளக்கே கிடைக்காத பழைய வண்டி என்றால், வெற்றிட முறையில் மறுபூச்சு செய்யும் பட்டறையைத் தேடுங்கள். தாள், ஸ்பிரே, ஸ்டிக்கர் மூன்றையும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பளபளப்பு வேறு, கற்றை வேறு

இன்றைய ஃபாக் லைட்டுகளில் ரிஃப்ளெக்டர் என்பது வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கை வளைவாக வார்த்து, அதன்மேல் வெற்றிட அறையில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த ஒரு கண்ணாடி. அந்த அலுமினியப் படலத்தின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர், அதாவது ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. அதைக் காற்றும் ஈரமும் தாக்காமலிருக்க, மேலே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காப்புப் படலமும் இருக்கும். நல்ல நிலையில் உள்ள அலுமினியப் பூச்சு தன்மேல் விழும் ஒளியில் 85 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும்.

இந்த எண்ணிலேயே ஒரு செய்தி இருக்கிறது. 85 சதவீதத்தை எப்படியோ 90 ஆக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். கிடைக்கும் லாபம் ஆறு சதவீதம்தான். அந்த வித்தியாசத்தைச் சாலையில் கண் உணராது. ஆக, பூச்சு கெடாத ரிஃப்ளெக்டரை இன்னும் பளபளப்பாக்க முயல்வதில் பயனில்லை.

அதைவிட முக்கியமானது, ஒளி எந்தத் திசையில் திரும்புகிறது என்பது. வெள்ளையடித்த சுவரும் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித்தான் அனுப்புகிறது. ஆனால் அதில் முகம் தெரியாது. ஒளி எல்லாப் பக்கமும் சிதறிப்போகிறது. ஃபாக் லைட்டுக்கு வேண்டியது முகம் பார்க்கும் கண்ணாடியைப் போன்ற பிரதிபலிப்பு. பல்பின் இழையிலிருந்து வரும் ஒவ்வொரு கதிரும் வடிவமைத்தவர் நினைத்த இடத்துக்குப் போக வேண்டும்.

பனிமூட்டத்தில் இது இரண்டு மடங்கு முக்கியம். ஃபாக் லைட்டின் கற்றை அகலமாக, தட்டையாக, மேல் விளிம்பில் கத்தியால் வெட்டியதுபோல நிற்கிறது. அந்த விளிம்பைத்தான் கட்ஆஃப் என்கிறோம். விளக்கும் தாழ்வாகவே பொருத்தப்படுகிறது, ஐ.நா.வின் 48-ஆம் எண் வாகன ஒழுங்குமுறையின்படி பயணிகள் காரில் அது தரையிலிருந்து 250 மி.மீ.க்குக் கீழும் 800 மி.மீ.க்கு மேலும் இருக்கக்கூடாது. காரணம் எளிது. பனித்துளிகளில் பட்ட ஒளி ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பி வந்து வெண்திரையாக நிற்கும். கட்ஆஃபுக்கு மேலே ஒளி கசியக் கசிய அந்தத் திரை தடிக்கும். குறைந்த ஒளியோடு ஒழுங்கான கற்றை தரும் விளக்கை நம்பிப் பனியில் மெதுவாகவாவது ஓட்டலாம்; நிறைய ஒளியை மேலே சிதறவிடும் விளக்கை அணைத்துவிடுவதே மேல். வீட்டு வைத்தியங்களை எல்லாம் இந்த அளவுகோலை வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன்.

ரிஃப்ளெக்டர்தான் குற்றவாளியா?

பெரும்பாலும் இல்லை. விளக்கைக் கழற்றுவதற்கு முன் மூன்று இடங்களைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் மின்னழுத்தம். ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். எந்தப் பூச்சாலும் ஈடுகட்ட முடியாத இழப்பு இது. இன்ஜின் ஓடும்போது, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, பேட்டரி முனைகளில் ஒருமுறையும் பல்பின் கனெக்டரில் ஒருமுறையும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு அளந்தால் கோளாறு தெரியாது. இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் வயரிங்கில் எங்கோ தடை இருக்கிறது. ஃபாக் லைட் பம்பருக்கு அடியில் சேற்றிலும் நீரிலும் கிடக்கும் பொருள். எர்த் வயர் பிடித்திருக்கும் போல்ட்டு துருப்பிடிப்பது சகஜம். அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல விளக்குகளுக்குப் புது உயிர் வரும். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

அடுத்து பல்பு. ஹாலஜன் பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தாலோ இழை தொய்ந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. இங்கே ஓர் எச்சரிக்கை. எச்8 வகை பல்பு 35 வாட், சுமார் 800 லூமன் (ஒளியின் அளவைச் சொல்லும் அலகு). எச்11 பல்பு 55 வாட், சுமார் 1350 லூமன். இரண்டின் அடிப்பகுதியும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் போட்டுவிடாமல் தடுக்கும் சிறு காதுகளில்தான் வேறுபாடு. அந்தக் காதைச் சீவிவிட்டு எச்8 விளக்கில் எச்11 மாட்டுபவர்கள் உண்டு. 35 வாட்டின் வெப்பத்துக்கு வடிவமைத்த சிறிய கூட்டுக்குள் 55 வாட் எரிந்தால், பல்புக்கு நேர் மேலே உள்ள பூச்சு பழுப்பாகிக் கருகும். ரிஃப்ளெக்டர் ஏன் கெட்டது என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

மூன்றாவது முன் லென்ஸ். அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை தெளிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில்தான். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் லென்ஸ் என்றால் 800, 1500, 2000, 3000 என்று படிப்படியாக நைசான உப்புத்தாளை நீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் செய்து, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிபூச்சு அடிக்கலாம். அந்தக் கடைசிப் பூச்சைத் தவிர்த்தால் சீக்கிரமே திரும்பவும் மஞ்சளாகும். கண்ணாடி லென்ஸ் கல்லடிபட்டுக் குழி குழியாக இருந்தால் தேய்ப்பதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு குழியும் ஒளியை மேலே தெறிக்கவிடும்; லென்ஸையோ விளக்கையோ மாற்ற வேண்டியதுதான்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் வெளிச்சம் குறைவு என்றால், பல்பைக் கழற்றிவிட்டு டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். ஒரே சீராகச் சாம்பல் நிற மென்படலம் தெரிந்தால் அது தூசியோ, பிளாஸ்டிக்கிலிருந்தும் ரப்பரிலிருந்தும் வெப்பத்தில் கிளம்பிப் படிந்த ஆவியோ. வட்ட வட்டக் கறைகள் நீர் காய்ந்த தடம். பல்புக்கு மேலே பழுப்பாகவோ வானவில் நிறத்திலோ திட்டு இருந்தால் வெந்துபோயிருக்கிறது. அடியிலுள்ள பிளாஸ்டிக்கின் நிறமே தெரிந்தால் பூச்சு உரிந்துவிட்டது. முதல் இரண்டுக்கும் வீட்டில் வழி உண்டு. மற்ற இரண்டுக்கும் இல்லை.

கழுவுவது

வீட்டில் செய்யக்கூடியவற்றில் நான் முழு மனதோடு சொல்வது இது ஒன்றைத்தான். ஆனால் அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

விளக்கு நன்றாக ஆறிய பிறகு கழற்றி, பல்பை அடிப்பகுதியைப் பிடித்து எடுங்கள். பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. ரப்பர் ஊதுபந்தால் தூசியை ஊதி வெளியேற்றுங்கள். பாதி விளக்குகளுக்கு இதோடு வேலை முடிந்துவிடும். படலம் இன்னும் இருந்தால், வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் மிதமான திரவம் ஒரு துளி விட்டு, பல்பு துளை வழியே கால்வாசி ஊற்றி, மெதுவாகச் சுழற்றிக் கொட்டுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தபின், வெறும் காய்ச்சி வடித்த நீரால் நுரை போகும்வரை அலசுங்கள். அப்புறம் துளை கீழே பார்க்கும்படி கவிழ்த்து, காற்றோட்டமான இடத்தில் ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். ஹேர் டிரையர் வைத்தால் குளிர்காற்றில் மட்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு காய்ந்ததும் புதுக் கறையாக நிற்கும்.

துணியோ பஞ்சோ உள்ளே விட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த இடத்தில் எல்லாம் மெல்லிய கீறல் விழும், அந்தக் கீறல்கள் ஒளியைச் சிதறடிக்கும். கொஞ்சம் அழுக்கு மிச்சமிருப்பது கீறலைவிட நல்லது. அசிட்டோன், தின்னர், பெட்ரோல் எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது. பாலிகார்பனேட்டில் விரிசல் விடும். வினிகர், எலுமிச்சை, சோடா உப்புக் கரைசல், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எல்லாமும் ஆகாது. அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். காப்புப் படலத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் அந்த வழியாகப் பூச்சு கண்ணெதிரிலேயே மறைந்துவிடும்.

நீர்க்கறை இருந்ததென்றால், நீர் எப்படி உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்காமல் மாட்டாதீர்கள். பல்பு அடியிலுள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கலாம், காற்றுத்துளையில் சேறு அடைத்திருக்கலாம், கூட்டில் விரிசல் இருக்கலாம். லென்ஸின் உட்புறம் லேசாக ஆவி படிந்து, விளக்கு எரிந்த சற்று நேரத்தில் மறைவது கோளாறு அல்ல. அடியில் தண்ணீர் தேங்குவதுதான் கோளாறு.

தாள், ஸ்பிரே, ஸ்டிக்கர், பாலிஷ்

சமையலறை அலுமினியத் தாளின் பளபளப்பான பக்கம் கிட்டத்தட்ட ரிஃப்ளெக்டர் பூச்சு அளவுக்கே ஒளியைத் திருப்பும். அதனால்தான் இந்த யோசனை நம்பும்படி இருக்கிறது. சிக்கல் பரப்பில். இரண்டு திசையிலும் வளைந்த கிண்ணத்தில் தட்டையான தாளை ஒட்டினால் சுருக்கம் விழாமல் இருக்க வழியே இல்லை. கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால் அதில் பட்டுத் திரும்பும் கதிர் இரண்டு டிகிரி விலகும். 10 மீட்டர் தள்ளி அது 35 செ.மீ. விலகல். ஃபாக் லைட்டின் கட்ஆஃபோ கிடைமட்டத்துக்குக் கீழே ஒரு டிகிரி அளவில்தான் நிற்கிறது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சுருக்கம்கூடக் கதிரைக் கட்ஆஃபுக்கு மேலே தூக்கிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு: பசை சூட்டில் இளகித் தாள் தொங்கினால் பல்பின்மேல் படும், எச்3 போல, வயர் விளக்கின் உள்ளேயே போகும் பல்பு என்றால் ஷார்ட் ஆகவும் செய்யலாம்.

குரோம் ஸ்பிரே சுருக்கம் விடாது. டப்பாவின் மூடியில் தெரியும் பளபளப்பைப் பார்த்தால் ஆசையும் வரும். ஆனால் அது மெல்லிய உலோகச் செதில்கள் மிதக்கும் பெயின்ட்தான். ஒவ்வொரு செதிலும் கொஞ்சம் கொஞ்சம் வேறு கோணத்தில் படுத்திருக்கும். தூரத்திலிருந்து வெள்ளிபோலத் தெரியும். பக்கத்தில் முகம் பார்த்தால் மங்கலாகத் தெரியும். அந்த மங்கல்தான் சாலையிலும் விழும். மேலே கிளியர் கோட் அடித்தால் இன்னும் சாம்பலாகும். பல்பின் சூட்டில் பெயின்ட்டிலிருந்து கிளம்பும் ஆவி லென்ஸின் உட்புறத்தில் போய்ப் படியவும் செய்யும். பூச்சு பாதி உரிந்த ரிஃப்ளெக்டரில் இதை அடித்தால் முன்பைவிட ஒளி கூடினதாகத் தோன்றலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். கூடிய ஒளி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

கண்ணாடி போன்ற ஸ்டிக்கர் படலம் தட்டையான இடத்தில் நன்றாகவே பிரதிபலிக்கும். வளைவில் ஒட்ட வேண்டுமானால் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டும் தனித்தனிப் பொட்டாக ஒளியை அடிக்கும், கற்றை என்று ஒன்று இருக்காது. ரிஃப்ளெக்டரைச் சுற்றியுள்ள அலங்கார விளிம்பில் ஒட்டுவதானால் ஒட்டிக்கொள்ளுங்கள், அங்கே ஒளியியல் வேலை எதுவும் இல்லை.

மெட்டல் பாலிஷ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழங்காலக் கார்களின் ரிஃப்ளெக்டர்கள் வெள்ளி முலாம் பூசிய பித்தளை. அவற்றைப் பக்குவமாகத் துடைத்துப் பளபளப்பாக்கலாம். 100 நானோமீட்டர் அலுமினியத்தை அதே பாலிஷ் துணியோடு எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

வெள்ளிப்பூச்சும் வெற்றிடப் பூச்சும்

வேதியியல் தெரிந்தவர்களுக்கு வெள்ளிப்பூச்சில் ஆர்வம் வரும். 1835-இல் ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் காட்டிய வழி இது: சில்வர் நைட்ரேட், அம்மோனியா, சர்க்கரை போன்ற ஒடுக்கும் பொருள் ஆகியவற்றைக் கொண்டு பரப்பின்மேல் வெள்ளியைப் படியவைப்பது. புதிய வெள்ளிப்படலம் 95 சதவீதத்துக்கும் மேல் ஒளியைத் திருப்பும், அலுமினியத்தைவிட உயர்வு. வளைவிலும் சீராகப் படியும். தாள், ஸ்பிரே, ஸ்டிக்கரோடு ஒப்பிட்டால் உண்மையான கண்ணாடி கிடைக்கும் வீட்டு வழி இது ஒன்றுதான்.

ஆனாலும் இதை நான் தள்ளியே வைக்கிறேன். அம்மோனியா கலந்த அந்த வெள்ளிக் கரைசலை எடுத்துவைத்தால் வெடிக்கும் சேர்மங்கள் உருவாகும். மிச்சத்தை உடனே முறையாகச் செயலிழக்கச் செய்யத் தெரியாதவர்கள் தொடவே கூடாது. பழைய பூச்சை முழுவதும் எடுத்து, கீழே கண்ணாடிபோல் வழுவழுப்பான அடிப்பூச்சு போட்டால்தான் வெள்ளி ஒழுங்காக நிற்கும். அந்த அடிப்பூச்சைச் சமமாகப் போடுவதே தனித் திறமை. கடைசியில், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்கவைக்கும். வானியலாளர்கள் இதோடு நெடுங்காலம் போராடினார்கள். மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடிக்கே 1935-இல் வெள்ளிக்குப் பதில் அலுமினியம் பூசினார்கள். புதிதாக இருக்கும்போது வெள்ளிக்குத்தான் முதலிடம். ஆனால் அலுமினியம் தன் ஆக்சைடு படலத்தால் தன்னையே காத்துக்கொள்கிறது. சாலைப் புகைக்குள்ளேயே வாழும் ஒரு விளக்குக்கு எது தோது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த அலுமினியத்தைத் தொழிற்சாலையில் செய்ததுபோலவே மறுபடி பூசித் தரும் பட்டறைகள் உண்டு. பழையதை எடுத்து, அடிப்பூச்சு போட்டுச் சூடேற்றி இறுக்கி, வெற்றிட அறையில் அலுமினியம் படியவைத்து, காப்புப் பூச்சும் போடுவார்கள். வீட்டில் உங்கள் பங்கு, லென்ஸைப் பிரித்து ரிஃப்ளெக்டரைத் தனியாக எடுத்துக் கொடுப்பது, பிறகு நீர் புகாமல் மூடுவது. பியூட்டைல் என்ற ரப்பர் போன்ற பசையால் ஒட்டிய விளக்கு மிதமான சூட்டில் இளகிப் பிரியும். கெட்டியான பசையில் ஒட்டியதோ பற்றவைத்ததோ பிரியாது, உடையும். ஃபாக் லைட்டுகள் பல இந்த இரண்டாம் வகை என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். புது விளக்கு சுலபமாகக் கிடைக்கும் வண்டிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. கடையில் சாதாரணக் குரோம் முலாம் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பார்க்க அட்டகாசமாக இருக்கும் குரோமியம் 60 முதல் 65 சதவீத ஒளியைத்தான் திருப்பும்.

மாற்றுவது

பூச்சு வெந்தோ உரிந்தோ போயிருந்தால் முழு விளக்கையும் மாற்றுவதுதான் சரி. ஃபாக் லைட் பொதுவாக ஹெட்லைட்டைவிட மலிவு, கழற்றி மாட்டுவதும் சுலபம். வாங்கும்போது லென்ஸில் வட்டத்துக்குள் ஐரோப்பிய அங்கீகாரக் குறியான ‘ஈ’ எழுத்தும் எண்ணும், பக்கத்தில் முன் ஃபாக் லைட்டுக்கான ‘பி’ அல்லது ‘எஃப்3’ குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.நா.வின் 19-ஆம் ஒழுங்குமுறையின்படி கற்றை சோதிக்கப்பட்டதற்கான அடையாளம் அது. வெளியே ஒரே மாதிரி இருக்கும் மலிவான நகலில் பூச்சு பளபளவென்றுதான் இருக்கும். வளைவு சரியாக இருக்குமா என்பதைப் பளபளப்பு சொல்லாது.

ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பு மாட்டுவதையும் பலர் இதற்கு மாற்றாகக் கேட்கிறார்கள். ஹாலஜன் இழை நூல் போன்றது, சுற்றிலும் ஒளி விடும். எல்இடி சில்லுகள் ஒரு தகட்டின் இருபுறமும் இருந்துகொண்டு இரண்டு பக்கம்தான் அடிக்கும். அதே வளைவு இந்த ஒளியை அதே இடத்தில் போடுவது அரிது. கட்ஆஃப் குலைந்து எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பல நாடுகளில் சட்டமும் அனுமதிக்காது. எல்இடிக்கென்றே வடிவமைத்து அங்கீகாரம் பெற்ற முழு விளக்கு என்றால் அது வேறு கதை, தாராளமாக வாங்கலாம்.

மஞ்சள் நிறப் படலம் ஒட்டினால் பனியை ஊடுருவும் என்பதும் சரியல்ல. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறவிடும். மஞ்சள் ஒளி சிலர் கண்ணுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே மங்கிய விளக்கின்மேல் படலம் ஒட்டினால் இருப்பதிலும் கொஞ்சம் குறையும்.

செய்த பிறகு சரிபார்ப்பது

கழுவினாலும் மாற்றினாலும் ஒரு சுவர்ச் சோதனை அவசியம். சமதளத்தில், டயர்களில் சரியான காற்றோடு, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஃபாக் லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். இருட்டில் ஒரு விளக்கை மூடிவிட்டு மற்றதைப் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். போனில் எக்ஸ்போஷரைப் பூட்டிவைத்து இரண்டையும் படமெடுத்தால் எது மங்கல் என்று தெளிவாகத் தெரியும். கண் இருட்டுக்குப் பழகிவிடுவதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கட்ஆஃப் கோடு நேராகவும் கூர்மையாகவும், டேப்பிலிருந்து 5 முதல் 7.5 செ.மீ. கீழேயும் இருக்க வேண்டும். வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. கோடு மேலே ஏறியிருந்தால் விளக்கின் பக்கத்திலோ பின்னாலோ இருக்கும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி இறக்குங்கள். திருப்பியும் கோடு கூர்மையாகவில்லை, டேப்புக்கு மேலே புகைபோல ஒளி நிற்கிறது என்றால், அந்த ரிஃப்ளெக்டரோ லென்ஸோ கழுவித் தேறும் நிலையைத் தாண்டிவிட்டது.